பூவரச மரம் நிற்கும் வரப்புக்கு மேற்கு

மாசி 4, வியாழன்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் கூட்டம். உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து மிராசுதார்கள் நிலத்தைத் துண்டு துண்டாக எழுதி வைக்கிறார்கள். பத்திர எழுத்தர் ஐயாவுக்குப் பேர், உதவியாளன் எனக்குக் கைவலி. இன்று ஐந்து பத்திரம்.

மாலை ஒத்திகை. கிட்டார் கழுத்து நன்றாக வளைந்துவிட்டது. மேலே எங்கே அழுத்தினாலும் கம்பி இரைகிறது. பாலு (எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர், ஆர்மோனியம், கோபம் இரண்டும் அவர் பொறுப்பு) சொல்லிவிட்டார்: பங்குனித் திருவிழாக்களுக்குள் வேறு கிட்டார், இல்லையென்றால் வேறு ஆள். பன்னிரண்டு வருடப் பழக்கம். அந்த வாயால் அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

செய்ய: செருப்பு தைக்க. அண்ணனுக்குக் கார்டு. கிட்டார் முடிவு.

மாசி 7, ஞாயிறு

மன்னார்குடி. ரஹீம் பாய் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கிட்டார். இரண்டு கொம்பு வைத்த அமெரிக்க வடிவம். உலகம் முழுக்க அதையேதான் வாசிக்கிறார்கள் என்றார். தொட்டவுடன் ரெக்கார்டில் கேட்கிற அதே சத்தம். உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் கழுத்து அகலம். என் இடதுகைச் சுண்டுவிரல் ஒரு கணு குட்டை. எட்டு வயதில் அறுப்பு வயலில் அரிவாள் வாங்கிக்கொண்டது. எட்டாத பிடிகள் நான்கைந்து உண்டு. இத்தனை வருடமாகச் சுற்றி வளைத்து ஏமாற்றுகிறேன். பாலுவுக்கே தெரியாது.

பாய் ஒரு வாரம் காத்திருப்பார்.

மாசி 10, புதன்

அரை நாள் லீவு. பொன்மலை. டென்னிஸ், ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்டரின் பேரில் எலக்ட்ரிக் கிட்டார் செய்கிறார். வருடத்துக்கு மூன்றோ நான்கோ. ஒன்று போல இன்னொன்று இருக்காது.

போனவுடன் கிட்டாரைப் பற்றிப் பேசவே இல்லை. "கையக் குடு தம்பி" என்று வாங்கி, ஒவ்வொரு விரலாக நூல் பிடித்து அளந்தார். சுண்டுவிரலுக்கு வந்ததும் நிறுத்தி, இன்னொரு தரம் அளந்தார். எப்படிப் போனது என்று கேட்கவில்லை. "இதுக்கு ஏத்த மாதிரி கழுத்த ஒடுக்கிடலாம்" என்றார், அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டில் அளவெடுத்துச் செய்த பொருள் ஏதாவது இருந்ததா? அப்பாவுக்குப் பண்ணையில் கொடுத்த வேட்டிதான். எனக்கு அண்ணன் போட்ட சட்டை. எதுவாக இருந்தாலும் நாங்கள்தான் அதற்குத் தகுந்தபடி சுருங்கவோ நீளவோ வேண்டும். இன்று ஒருவர் என் குறைந்த விரலை அளந்து எழுதி வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. கண்டக்டர் தூசி என்று நினைத்திருப்பார்.

மரம் நான் கொண்டுவரலாமாம். நின்றபடியே பட்டுக் காய்ந்த பூவரசு என்றால் நல்லதாம், அடிமரம். எங்கள் வயல் வரப்பில் ஒன்று நிற்கிறது! புயலில் தலை போனது. இரண்டு வருடமாக மொட்டை.

மாசி 12, வெள்ளி

கச்சேரி இல்லை. ஒரே யோசனை.

ரஹீம் பாய் கிட்டார்: உடனே கிடைக்கும். கெட்டால் எந்தப் பாகமும் மாற்றலாம். யார் கேட்டாலும் "அந்தச் சத்தம்" என்று தெரியும். நாளைக்கு விற்கலாம்.
டென்னிஸ்: தாமதம். கெட்டால் அவர்தான். அவருக்கு அறுபத்தாறு வயது. சத்தம் எப்படி வரும் என்று அவருக்கே தெரியாது. விற்க முடியாது, என் விரல் உள்ளவன் யார் வாங்குவான்?
விலை ஏறக்குறைய ஒன்று. அதனால் அது பேச்சில்லை.

பாலுவிடம் கேட்டேன். ஜனம் கேட்பது ரெக்கார்டுச் சத்தம்தான், உன் விரலை எவன் பார்க்கிறான் என்றார். கட்சிக் கூட்டத்தில் தலைவர்கள் வரும்வரை வாசிக்கிற குழு நாங்கள். அவர் சொல்வதும் சரிதான். ஆனாலும் அடிமரம் என்ற சொல் காதிலேயே நிற்கிறது.

மாசி 14, ஞாயிறு

வலங்கைமான் பஸ், அங்கிருந்து ஊருக்கு நடை. அறுப்பு முடிந்து வயல் வெறுந்தரை. அண்ணனும் அண்ணியும் கீழ்வேளூரில், அண்ணி தங்கை கல்யாணம். நான் கச்சேரியைச் சாக்குச் சொல்லித் தப்பித்தவன். பட்ட மரம்தானே, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

மரம் அறுக்கிற இருவர். பாதியில் ரம்பம் சிக்கி, மறுபக்கத்திலிருந்து அறுத்தார்கள். வெட்டு நேராக இல்லை, ஒரு விரல் உயரத்துக்குப் படி விழுந்துவிட்டது. உள்ளே சாக்லேட் நிறம். தட்டினால் கணீரென்றது. பஸ் கூரை, பிறகு ரயில். இருட்டுவதற்குள் பொன்மலையில் இறக்கியாயிற்று. டென்னிஸ் முகர்ந்து பார்த்தார்! ரஹீம் பாய்க்கு வேண்டாம் என்று கார்டு எழுதிவிட்டேன்.

தோள் வலி. மனசு லேசு.

மாசி 21, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

நேற்று மதியம் அண்ணன் ஆபீசுக்கு வந்தார். பத்திரம் எழுத வந்தவர்களோடு வரிசையில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மடியிலிருந்து எங்கள் வயல் பத்திரத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"செக்குபந்திய மட்டும் படி."

நான்கு எல்லையும் சொல்கிற இடம். தினமும் எழுதுவது. படித்தேன்: பூவரச மரம் நிற்கும் வரப்புக்கு மேற்கு, பாசன வாய்க்காலுக்கு வடக்கு...

"யாரு கையெழுத்து?"

"என்னுதுதாண்ணே."

"அப்ப உனக்குத் தெரியும்."

பத்திரத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். ஏழு வருடம் முன்பு, இதே மேசையில், என் கையால் எழுதியது. ஆயிரம் பேர் எல்லையை எழுதியவன், என் வீட்டு எல்லையை அறுத்து ரயிலேற்றினேன்.

பிறகு ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்தது. கிழக்கு வயல் சந்தானத்துடையது. எங்களுக்கு இந்த மூன்று மா நிலத்தை விற்ற மிராசுதாரின் மகன், டவுனில் வாத்தியார். அப்பா சட்டத்துக்குப் பயந்துகொண்டு விற்றுவிட்டார் என்று அவருக்கு அன்றிலிருந்தே ஆற்றாமை. வருடா வருடம் அண்டை வெட்டுகிறேன், ஓரம் செதுக்குகிறேன் என்று வரப்பை எங்கள் பக்கம் ஒரு சாண் அரக்குவார். மரத்துக்கு நேரே வந்தால் மண்வெட்டி நின்றுவிடும். மரம் போன மூன்றாம் நாள் ஆள் விட்டு, அடிக்கட்டையை மண்ணால் மூடி, இரண்டு முழம் மேற்கே புது வரப்பு. வயல் நீளத்துக்கு.

அண்ணன் தோண்டிக் காட்டினாராம். அது ஏதோ பழைய மரத்து வேர், உங்க பூவரசு எங்கே, காட்டுங்க என்றாராம் சந்தானம். புதன்கிழமை சர்வேயர் வருகிறார்.

மாசி 22, திங்கள்

பொன்மலைக்கு முதல் ரயில். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்: டென்னிஸ் மரத்தைப் பலகை போட்டிருக்கக் கூடாது.

போடவில்லை. மேசைமேல் கிடந்தது. பட்டையைச் செதுக்கிவிட்டு, பென்சிலால் முழுக் கிட்டாரும் வரைந்திருந்தார். ஓரத்தில் ஐந்து விரல் அளவு. நாளைக்கு ரம்பத்தில் ஏற்றுவதாக இருந்தாராம். விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துவிட்டு, ஒரு முனையை அவரே தூக்கினார்.

மாசி 24, புதன்

நல்ல வெயில். சர்வேயர், கர்ணம், சந்தானம், அண்ணன், பத்துப் பதினைந்து பேர். அண்ணன் என்னிடம் பேசவில்லை. இருவருமாகத் தூக்கி வேர்க்கட்டைமேல் வைத்தோம். பொருந்தவில்லை. அண்ணன் மெல்லத் திருப்பினார். அந்தக் கோணல் படி சரியாக உட்கார்ந்தது, மூடி போட்ட மாதிரி. நடுவில் ஒரு நகம்கூட நுழையவில்லை.

புது வரப்பை எடுக்கச் சொல்லிவிட்டார் சர்வேயர். சந்தானம் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதனால் மரத்துண்டு சாட்சி. தாலுகா ஆபீசில் இருக்க வேண்டுமாம்.

எல்லோரும் போன பிறகு அண்ணன் கேட்டார்: "இது என்ன கோடு?"

சொன்னேன். கிட்டார், ஒடுக்கின கழுத்து, எட்டாத விரல். அண்ணன் என் இடதுகையை எடுத்துப் பார்த்தார். அந்த வருடம் என் கையில் அரிவாள் கொடுத்தது அவர்தான், ஆள் பற்றவில்லை. "கேட்டிருக்கலாம்லடா" என்றார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

மாசி 28, ஞாயிறு

ரஹீம் பாய் கிட்டார் நல்லவேளையாக விற்றுப்போகவில்லை, வாங்கிவிட்டேன். ஒரத்தநாட்டில் முதல் கச்சேரி. சத்தம் அருமை. எட்டாத பிடிகளுக்குக் கட்டைவிரலை மேலே வளைத்துப் போட்டேன். இந்த வடிவத்தில் அது முடிகிறது. எத்தனையோ விதக் கைகள் வாசித்து வாசித்து அதற்குச் சகிப்பு வந்திருக்க வேண்டும். பாலு சிரித்தார். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வாசிக்கும்போது நான் இன்னொருவர் வீட்டில் இருக்கிற மாதிரி மரியாதையாக வாசிக்கிறேன்.

மாசி 29, திங்கள்

தாலுகா ஆபீஸ். துண்டை ஒப்படைத்தோம். குமாஸ்தா ரசீதில் எழுதியது: பூவரச மரத்துண்டு ஒன்று. மேல்புறம் பென்சிலில் வீணை மாதிரி ஒரு படம். எப்போது திரும்பக் கிடைக்கும் என்றேன். கேஸ் முடியணுமே, வருஷக்கணக்கா ஆகும் என்றார். கோணிப்பையில் சுற்றிப் பரணில் ஏற்றினார்கள்.

அறைக்கு வந்தால் டென்னிஸிடமிருந்து கார்டு. மரம் தாலுகா ஆபீசுக்குப் போகிறது, என்ன செய்யலாம் என்று நான் எழுதிக் கேட்டதற்குப் பதில்.

"மரம் அங்கயே இருக்கட்டும் தம்பி. எவ்வளவு காயுதோ அவ்வளவு நல்லது. அளவு பத்திரமா இருக்கு. உன் விரல் இனிமே வளரப் போறதில்ல."