நான்கு அங்குலம்

என் பெரியவனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே, பிழை இருந்தால் திருத்தி மார்க் போட்டு வை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன் தங்கை பேச்சை எடுத்த உடனே உனக்கு ஆபீஸில் வேலை வந்துவிடுகிறது, லீவு நாளிலும் வருகிறது. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில்தான் ஒரு மாதமாக எனக்குத் தச்சு வேலை. மாடிப்படிக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்செல்லாம் போட்டு வைத்திருப்பார்களே, அந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்து, பிள்ளைகள் தங்கள் கையால் பொருள் செய்து பழகும் இடமாக மாற்றுகிறார்கள். மேக்கர் ஸ்பேஸ் என்று பெயராம். அறிவியல் டீச்சர் வீட்டுக்கு வந்து சொன்னபோது என் காதில் மேக்கப் என்று விழுந்து, பவுடர் பூசுவதற்கு ஓர் அறையா என்று கேட்டுவிட்டேன். உள்ளேயிருந்து உன் அம்மா, முதல் ஆளா நீங்க போய் உட்காருங்க, உங்களுக்குத்தான் அவசரம் என்றாள். இந்த ஏழு மாதத்தில் அவள் கிண்டல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். சுவரில் பெரிய பலகை அடித்து, சுத்தி, ரம்பம், குறடு எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துச் சுற்றி வரைந்து, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். எது இல்லை என்பது வாசலில் நின்றாலே தெரியும். பிளாஸ்டிக் நூலை உருக்கிப் பொருள் செய்யும் பெட்டி ஒன்றும் வந்திருக்கிறது. ஒரு விசில் செய்ய ஒன்றரை மணி நேரம், அதற்குள் நான் ஒரு ஜன்னல் கதவை மாட்டிவிட்டு டீயும் குடித்திருப்பேன் என்றேன். அதுக்கு முழங்கால் வலிக்காதுண்ணே என்றார் டீச்சர். வாயில் எனக்குச் சளைத்தவர் இல்லை.

மேஜைதான் பெரிய வேலை, மொத்தம் ஆறு. அளவெல்லாம் டீச்சர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். மேஜை செய்ய எனக்குச் சீட்டா என்ற திமிரில் அதைச் சட்டைப் பையில் போட்டதோடு சரி. பட்டறையில் செய்து வண்டியில் கொண்டுவந்து வரிசையாகப் போட்டுத் துடைத்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றேன். டீச்சர் டேப்பை வைத்தார். முப்பத்து நான்கு அங்குலம் இருக்க வேண்டியது முப்பதுதான் இருந்தது, ஆறும் முப்பது. குனிந்து பார்த்தார், முட்டி உயரத்தில் கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்றில்கூட இல்லை. "பசங்க நின்னுகிட்டு வேலை செய்யணும்ணே. இது உட்கார்ந்து செய்றவங்க உயரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். மூன்று வருடம் அவர் வகுப்பில் இருந்தவள் அல்லவா உன் தங்கை. சக்கர நாற்காலி நேராக உள்ளே போக வேண்டும், முட்டி இடிக்கக் கூடாது என்று வீட்டில் அவளுக்கு ஒரு மேஜை செய்து கொடுத்தேனே, அதையே ஆறு தடவை செய்து வைத்திருக்கிறேன். அறுக்கும்போது தோன்றவில்லை, இழைக்கும்போது தோன்றவில்லை. என் கைக்கு யாரும் சேதி சொல்லவில்லை போலிருக்கிறது.

பரவாயில்லண்ணே, இப்படியே சமாளிச்சுக்கலாம் என்றார் டீச்சர். அதெப்படி, அத்தனை பிள்ளைகளும் குனிந்து குனிந்து முதுகு பிடித்து நிற்கவா. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஒரே துண்டைப் பிரித்துப் பிரித்து மடித்தாள். அப்புறம், "ஒசத்திடுங்க. ஆனா நீங்களே ஒசத்துங்க, வேற ஆளை விடாதீங்க" என்றாள். மறுநாள் தொடங்கி மேஜைகளைக் கவிழ்த்து, இருபத்து நான்கு காலுக்கும் நான்கு அங்குலக் கட்டை வைத்துத் திருகாணி முடுக்கி, குறுக்குச் சட்டமும் அடித்தேன். முதல் மேஜைக்கே அரை நாள் ஆயிற்று. எல்லாம் முடிந்து நிமிர்த்திப் போட்டபின், அவள் நாற்காலி உயரத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சட்டம் முட்டியில் இடித்தது. இனி அவள் வந்தாலும் அங்கே உட்கார முடியாது. அவள் இல்லை என்று ஏழு மாதமாக எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், எனக்கு அங்கே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

கடைசியாக முகம் பார்க்க வர முடியவில்லையே என்று நீ உள்ளுக்குள் வைத்துக் குமைவது எனக்குத் தெரியும். டிக்கெட் கிடைக்காததற்கு நீ என்ன செய்வாய், இங்கே யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான், அவளைப் பற்றி உன்னோடு பேச வேண்டும். என்னிடமே சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்துவிட்டது, நானும் பாதியில் ஏதாவது உளறிச் சிரிக்க வைக்கப் பார்க்கிறேன், அது இப்போது எடுபடுவதில்லை. இந்தத் தடவை கூப்பிடும்போது நீயே தங்கை பேச்சை எடு. எதுவும் யோசித்து வைக்க வேண்டாம், உன் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு உன்னையே தேடச் சொன்னாளே, அங்கிருந்து ஆரம்பி. அழுகை வந்தால் அழு, போனை மட்டும் வைக்காதே.

நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இரு, எங்கள் ஆயுளிலும் கொஞ்சம் எடுத்துக்கொள். கூப்பிடுவதற்கு முன் போனில் சார்ஜ் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அம்மாவுக்குப் பேச நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உனக்கும் அவளுக்கும் அப்பா