கர்னல் வரைக்கும்

"ஏய், புது ஸ்டாஃப் வராங்கடி! உள்ள போங்க!"

சற்று முன் வராந்தாவில் ஒரு பெண் கத்தினாள். யார் வருகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. என்னைத்தான் சொல்லியிருக்கிறாள். 'ஸ்டாஃப்' என்ற அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் நீ மனசுக்குள் வந்துவிட்டாய்.

படப்பைப் பக்கம் ஒரு கல்லூரி இது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்கு டெமோ கிளாஸ். துறைத் தலைவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான். கொடுத்த டீயைக் குடிக்க முடியவில்லை. அதை வைத்துவிட்டு, கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று உனக்கு எழுதுகிறேன்.

தாம்பரத்தில் நாம் எம்.ஏ. முதல் வருடம் படித்தபோது செமினாருக்குத் தலைப்பு குலுக்கிப் போட்டார்களே. உனக்கு ரயில்வேயின் வரலாறு வந்தது. எனக்கு வந்தது ஒரு ஜெர்மன் ஜெனரலின் ராணுவ வாழ்க்கை. பெயர் வாயில் நுழையாததால் நீ அவரை 'மீசை' என்றாய். போட்டோவில் அவருக்கு மீசையே இல்லை.

பேசாவிட்டால் இன்டர்னல் மார்க் கிடையாது என்று சார் சொல்லிவிட்டார். பி.ஏ. முழுவதும் அட்டெண்டன்ஸுக்கு மட்டும் வாய் திறந்தவள் நான். வீட்டில் உட்கார்ந்து அழுதேன். மீன் விற்றுவந்த கூடையைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள்: "செத்துப்போன வெள்ளக்காரனுக்கு நீ இன்னாத்துக்கு மே அயுவுற?"

ஊரப்பாக்கத்தில் உன் வீட்டு மொட்டைமாடியில்தான் அவரைப் படித்தோம். தடித்த ஆங்கிலப் புத்தகம். நீ வாசித்துச் சொல்வாய், நான் எழுதிக்கொள்வேன். முதல் உலகப் போரில் லெப்டினன்ட். பிறகு ஸ்டாஃப் ஆபீசர். கேப்டன், மேஜர், கர்னல் என்று ஏறினார். பாதி வாழ்க்கை மேசையிலேயே, வரைபடத்துக்கு முன்னால் கழிந்தது. வாங்கிய பதக்கங்களுக்கு மட்டும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. நீ முன்னும் பின்னும் புரட்டித் தேடினாய்.

"இவன் பென்சிலால கோடு போட்ட ஊரெல்லாம் எரிஞ்சிருக்குடி. ஒரு இடத்துலகூட இவன் பயந்தான்னு இல்லையே. பயமே இல்லாதவனப் பாத்தாதான் எனக்கு பயமா இருக்கு."

செமினார் அன்று எழுந்து நின்றேன். "அவர் படையில் ஸ்டாஃப் ஆனார். அதாவது, வீரர்களுக்குப் பாடம் நடத்தினார்" என்றேன். கல்லூரியில் நமக்கு ஸ்டாஃப் என்றால் பாடம் நடத்துபவர்தானே. அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியாம்மா? டெய்லி அட்டெண்டன்ஸ் எடுத்தாரா?"

"எத்தனை பேருக்கு அரியர் வெச்சாருன்னு கேளுங்க சார்!" என்று ஒருவன் பின்னாலிருந்து கத்தினான்.

வகுப்பே சிரித்தது. காதுக்குள் இரைந்தது. நான் கதவைப் பார்த்தேன். ஓடியிருப்பேன். கடைசி பெஞ்சில் நீ எழுந்தாய்.

"சார், நடுவுல கொஞ்ச காலம் அவர் நெஜமாவே ட்ரெய்னிங் ஸ்கூல்ல கிளாஸ் எடுத்திருக்கார் சார். புக்ல இருக்கு."

சிரிப்பு அடங்கியது. நீ உட்காரவில்லை. என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாய்: அடுத்து கேப்டன். "அடுத்து, கேப்டன்" என்றேன். அப்படியே உன் உதட்டைப் பார்த்துப் பார்த்து ஜெனரல் வரை போய்ச் சேர்ந்தேன்.

மாலை தாம்பரம் ஸ்டேஷன் பாலத்தில் நீ விளக்கினாய். "ஸ்டாஃப் ஆபீசர்னா மிஸ் இல்லடி லூசு. முன்னாடி நிக்கறவனுக்கு அடுத்து என்னன்னு பின்னாடி இருந்து சொல்றவன்."

"அப்ப நீதான் என் ஸ்டாஃப்."

"சம்பளத்த எடு," என்று என் கையிலிருந்த கடலை மிட்டாயைப் பிடுங்கிக்கொண்டாய்.

அந்த மழைக்காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மாத்திரை, பிறகு குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரி. நான் வந்தபோது உன் அம்மா ரத்தத்துக்காக அலையப் போயிருந்தார். நீ கண்ணை அகலத் திறந்துகொண்டு படுத்திருந்தாய். நீ பயந்து நான் பார்த்ததே இல்லை. நீயே பயந்தால் நான் யாரைப் பார்ப்பது? என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"பேசுடி. அமைதியா இருந்தா பயமா இருக்கு. எதாவது பேசு."

எனக்குப் பேசத் தெரிந்தது ஒன்றுதான். "மீசை மொதல்ல லெப்டினன்டா சேந்தாரு" என்று தொடங்கினேன். நீ சிரிக்கப் பார்த்தாய். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "அடுத்து?" என்றாய். கேப்டன். "அடுத்து?" மேஜர். நடுவில், புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்தேன். வரைபடத்தின் முன்னால் அவருக்குக் கை நடுங்கியது என்றேன். கோடு போடாமல் பென்சிலைக் கீழே வைத்தார் என்றேன். நீ மெல்லத் தலையாட்டினாய். கர்னல் வரைக்கும் வந்திருந்தேன். உன் பிடி தளர்ந்தது. தூங்கிவிட்டாய் என்று நிறுத்தினேன். நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார்.

மறுநாள் நீ இல்லை.

அதற்குப் பிறகு எதற்குப் பயந்தாலும் மனசுக்குள் அதே வரிசைதான். லெப்டினன்ட், கேப்டன், மேஜர், கர்னல். அதற்கு மேல் நான் போனதில்லை. போனால் கதை முடிந்துவிடும். முடிந்துவிட்டால் நீ "அடுத்து?" என்று கேட்க மாட்டாய்.

இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு இரண்டாம் உலகப் போர். மீசையை வைத்துத்தான் தொடங்கப் போகிறேன். அவர் பயந்ததாகப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதையும், ஒருத்தி அதை மொட்டைமாடியில் தேடினாள் என்பதையும் சொல்வேன்.

"மேடம், ஹெச்.ஓ.டி. வந்துட்டாருங்க," என்று அட்டெண்டர் கதவருகே நிற்கிறார். பேனாவை மூட வேண்டும். கடைசி பெஞ்சில் இருப்பவரின் உதடு எனக்காக அசையாது.

இன்று ஜெனரல் வரை சொல்லியாக வேண்டும். நீ தூங்கிவிடாதே.