யசோதா அக்காவின் மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் இளவேனில் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே ஒரு சின்னச் சண்டை. எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் தங்கியிருக்கும் பிஜி விடுதிக்கு, நோய் எதிர்ப்புச் சக்திப் பொடி விற்க ஒருவன் வந்தான். சமைக்கிற யசோதா அக்காவிடம், "ஐம்பது தாண்டினா நெஞ்சுல இருக்கிற தைமஸ் சுரப்பி சுருங்கிடும்மா. நோயை எதிர்க்கிற டி செல்லெல்லாம் தீர்ந்துடும். சுகர் மாத்திரைய நிறுத்திட்டு இதச் சாப்பிடு" என்றான். அக்கா பயந்து தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேபில் தினமும் நான் பார்க்கிற செல்கள் அவை!

"சுரப்பி சுருங்குறது நெஜம். ஆனா இருக்கிற டி செல்லுங்களே ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சு குறையைச் சரிக்கட்டும். அதை மறைச்சு மாத்திரைய நிறுத்தச் சொல்றியே, அவங்களுக்கு ஏதாவது ஆனா நீ வருவியா?" என்று கத்திவிட்டேன்.

அவன் பிஜி ஓனரின் மைத்துனனாம். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யும்படி ஓனர் என்னிடம் சொல்லிவிட்டார். எவ்வளவு அநியாயம்! கவலைப்படாதீர்கள், வேறு இடம் பார்க்கிறேன். அக்கா மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனால் ஓனருக்குப் பயந்து என்னோடு பேசுவதில்லை.

இங்கே குளிர் அதிகம். என் கம்பளியை அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் நாலு வரி எழுதி வையுங்கள். லேபுக்குப் போகிற கேப் வந்து ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

உங்கள் மகள்,
இளவேனில்