வெள்ளை மண் பொட்டலம்

அசுபொனி, கோல்டு கோஸ்ட்
மார்ச் 9, 1901

என் வீட்டுக்காரருக்கு அஃபுவா போதெமா எழுதுவது.

நலம், நலம் என்று எழுதி எனக்கே அலுத்துவிட்டது. இந்த முறை நிஜமாகவே நலம். வெள்ளைக்காரர்களின் மகாராணி செத்துப்போய்விட்டாளாம். மிஷன் கோயிலில் மணி அடித்தார்கள், போதகர் அழுதார். நான் வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். பாவம், அவளும் யாருக்கோ அம்மாதான். என்ன செய்ய, சிரிப்பு வந்துவிட்டது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நம் தலைவர் நானா பட்டத்துக்கு வந்தபோது சிற்றூர்க்காரர்கள் எல்லோரும் புதிதாக வந்து சத்தியம் செய்தார்களே. பழைய தலைவரோடு பழைய சத்தியமும் போயிற்று என்று, நானாவின் வாயாகக் கோலைப் பிடித்துக்கொண்டு சபையில் முழங்கியது நீங்கள்தானே? சாலை போட ஆள் அனுப்ப மாட்டேன் என்று நானா சொன்னதற்கு, ராணியின் பேரைச் சொல்லித்தானே உங்கள் இருவரையும் கப்பலேற்றி அந்தத் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். இப்போது ராணியே இல்லை. இனி யார் பேரைச் சொல்லிப் பிடித்து வைப்பார்கள்?

என் தாய்மாமா டுவுமோகூட அடங்கிவிட்டார். "சரி, அவன் வரட்டும். அம்போஃபோகிட்ட வேற பொண்ணு பாக்கச் சொல்லிடறேன்" என்றார். அந்த ரப்பர் வியாபாரி என்னைக் கேட்டு மூன்று முறை வந்துவிட்டான், நீங்கள் உயிரோடு இருக்கும்போதே.

வீட்டுச் சுவருக்கு வெள்ளை பூசிவிட்டேன். எந்தக் கப்பல் என்று மட்டும் எழுதுங்கள்.

வழி பார்த்திருக்கும்
அஃபுவா


மாஹே தீவு
ஜூலை 2, 1901

என் அஃபுவாவுக்கு,

நீ தரையில் கரியால் எழுதிச் சொல்லிக்கொடுத்த எழுத்துதான் இது. கோணலாக இருந்தால் வாத்தியாரம்மாதான் பொறுப்பு. துபாஷி இதை அதிகாரிக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் உறையில் போவது, ஆகவே கொஞ்சம் அடக்கமாகவே எழுதுகிறேன்.

நாங்களும் உன்னைப் போலத்தான் நினைத்தோம். சேதி வந்த அன்று நானா பெட்டியிலிருந்து பட்டுத் துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். என் தங்கக் கோலைத்தான் பிடித்த அன்றே பறித்துக்கொண்டார்களே, ஒரு லவங்கப்பட்டை மரக் கொம்பை ஒடித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பாயைக்கூடச் சுருட்டிவிட்டோம், கேட்கிறாயா?

அதிகாரி எங்களைப் பார்த்து, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றார்.

நானா என் காதில் சொன்னார், நான் உரக்கச் சொன்னேன். "எங்களைக் கட்டினவங்க ராணி. அவங்க போயிட்டாங்க. புது ராஜா வந்து எங்ககிட்ட கேக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"ராணிதான் போனாங்க, கிரீடம் போகல. அவங்க கண்ணை மூடின நிமிஷமே மகன் ராஜா ஆயிட்டாரு."

"நடுவுல ஒரு நாள்கூடக் கிடையாதா?"

"ஒரு நிமிஷம்கூடக் கிடையாது."

"அப்போ உங்க ஊர்ல யாரும் செத்து முடிக்கிறதே இல்லையா?" இது நானா சொன்னதில்லை, என் வாய்க்கொழுப்பு. துபாஷி நல்லவன், அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

ஆளுக்கு ஒரு முழம் கறுப்புத் துணி கொடுத்துக் கையில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எங்களைப் பிடித்து வைத்தவளுக்கு நாங்களே துக்கம். வந்து பாயை மறுபடி விரித்தோம்.

ஒரு சேதி இருக்கிறது. அடுத்த வருடம் முடிசூட்டு விழா. புது ராஜாவுக்கு அடங்கி நடப்பேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால், அன்றைக்கே என்னை விட்டுவிடுவார்களாம். என்னை மட்டும். நானாவுக்கு அந்தச் சலுகை இல்லை.

உன்
குவாசி அமோவா


அசுபொனி
நவம்பர் 17, 1901

என் வீட்டுக்காரருக்கு,

போடுங்கள் கையெழுத்தை. நானா என்ன ஆவார் என்று நீங்கள் யோசிப்பீர்கள், எனக்குத் தெரியும். என்னையும் கொஞ்சம் யோசியுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் மாமா மறுபடி ஆரம்பித்துவிட்டார். "நம்ம குடும்பத்துல உனக்கப்புறம் பொண்ணு இல்ல. உன் வயித்துல ஒண்ணு பொறக்கலைன்னா, பொண்ணு வழியில வர்ற நம்ம வம்சம் உன்னோட முடிஞ்சுது. அவன் வரணும், இல்ல நம்ம வழக்கப்படி உன் காலடியில வெள்ளை மண்ணைத் தூவி உன்னை அறுத்து விடணும். ரெண்டுமில்லாம இது என்ன கூத்து?"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. எனக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. நீங்கள் போய் மூன்று வருடம். உங்களைக் காவல் காக்க ஒரு அதிகாரி, துபாஷி, கப்பல் எல்லாம் வேண்டியிருக்கிறது. எனக்கு மாமா ஒருவரே போதும். வந்துவிடுங்கள்.

அஃபுவா


மாஹே தீவு
ஆகஸ்ட் 20, 1902

அஃபுவாவுக்கு,

விழா அன்று கையெழுத்துப் போடத்தான் அதிகாரியிடம் போனேன். உன் தலைமேல் சத்தியமாக, பேனாவைக் கையில் பிடித்துவிட்டேன்.

நானா படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அந்நியரிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது, தலைவர்கள் பேசக் கூடாது. அவர் என் காதில் சொல்வார், நான் உலகத்துக்குச் சொல்வேன். கோலைப் பிடித்த நாளிலிருந்து அதுதான் என் வேலை. ஒரு போலீஸ்காரன் வந்து அவரிடம் ஏதோ கேட்டான். நானா என்னைத் தேடினார். அவன் மறுபடி கேட்டான். பிறகு தோளைப் பிடித்து உலுக்கி, "செவிடா கிழவா?" என்றான். நானாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பேனாவை வைத்துவிட்டு ஓடினேன்.

வீடு திரும்பியதும், "நீ போடா. எனக்குப் பேச இனிமே ஒண்ணும் மிச்சமில்ல" என்றார்.

"அதைக்கூட வெளியில நான்தானே சொல்லணும்" என்றேன்.

அடுத்த விழா, இந்த ராஜா செத்து இன்னொருவர் வந்தால்தான். அதுவரை நீ என்ன செய்வாய்? இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. நம் ஊர் வெள்ளை மண் இங்கே கிடைக்காது, இது பவளப்பாறையைச் சுட்ட சுண்ணாம்பு. மூன்று முறை சலித்தேன். எனக்குப் பதிலாக மாமா உன் பாதத்தில் தூவட்டும்.

ராணி செத்தும் என்னை விடவில்லை. நான் உயிரோடு இருக்கும்போதே உன்னை விட்டுவிடுகிறேன். அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், அதையும் அதிகாரி படித்துக்கொள்ளட்டும்.

குவாசி அமோவா


அசுபொனி
டிசம்பர் 14, 1902

குவாசி,

இனி நீ என் வீட்டுக்காரர் இல்லை. அதனால் 'நீங்கள்' எல்லாம் கிடையாது.

பொட்டலம் வந்தது. கடல் ஈரத்தில் சுண்ணாம்பு கட்டிதட்டிக் கல்லாகிவிட்டிருந்தது. மாமா திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது தூவறதுக்கு ஆகாது. வேற அனுப்பச் சொல்லு" என்றார். அதற்கு இன்னும் எட்டு மாதம் ஆகும். நான் அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. உரலில் போட்டு நானே இடித்தேன். உன்மேல் அவ்வளவு கோபம். கையெல்லாம் எரிந்தது.

ஊர் கூடியது. அம்போஃபோ புதுத் துணியில் ஓரமாக நின்றான். மாமா என் பாதத்தில் தூவிச் சொன்னார், "இன்னியோட அமோவாவுக்கு உன்மேல பாத்தியதை இல்ல. உனக்கு இஷ்டமான இடத்துக்குப் போ."

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றேன்.

கேட்டோம் என்றார்கள். வெள்ளைக் காலோடு நேராக உன் வீட்டுக்கு நடந்துவந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

மாமா பின்னாலேயே வந்தார். "ஏண்டி, அதான் விட்டாச்சே."

"விட்டாச்சு மாமா. இஷ்டமான இடத்துக்குப் போன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் வாசலில் உட்கார்ந்து அழுதார். அவர் சொல்வதும் பொய்யில்லை, வம்சம் என்னோடு முடிந்தாலும் முடியும். நீ வரமாட்டாய் என்றும் தெரியும். இத்தனை நாள் கட்டிப்போட்டதால் இருந்தேன். இப்போது என் இஷ்டத்தால் இருக்கிறேன். என்னைக் கட்டினவர் யாரும் இல்லை, அதனால் எந்த ராஜா செத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நானாவைப் பார்த்துக்கொள். அவர் சொல்வதைச் சத்தமாகச் சொல்.

மிச்சச் சுண்ணாம்பை வாசல் சுவரில் பூசிவிட்டேன். நன்றாக ஒட்டியிருக்கிறது.

அஃபுவா