நாற்பத்தொன்றாம் எண் கவுன்

உன் மகள் செல்வி சற்று முன் வைத்துவிட்டுப் போன பொட்டலத்தைப் பிரித்தேன். பாச்சை உருண்டை வாடை குப்பென்று வந்தது. பழைய நாளிதழுக்குள் மஞ்சள் கவுன். வெள்ளைக் காலர், இடுப்பில் சுருக்கு. உட்பக்கத் தையலில் நகத்தளவு துணிச்சீட்டு, அதில் நாற்பத்தொன்று. உன் எண். உன் கருமாதி முடியட்டும் என்று காத்திருந்து அனுப்பியிருக்கிறாய். நீ அப்படிப்பட்டவள்தான்.

கமுந்திங் தையல் தொழிற்சாலையில் நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். நாம் குடியிருந்த தோட்டத்து வாசலில் பஸ் ஏறுவோம். உன்னைத் தையல் மெஷினில் உட்கார வைத்தார்கள். எனக்குத் தையல் வராது, அதனால் செக்கர் ஆக்கினார்கள். வேடிக்கைதான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போகும் கவுன்களில் குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டு ரிஜெக்ட் கூடையில் போடுவேன். தைத்தவளின் எண்ணைத் தாளில் குறித்துவைப்பேன்.

அந்தத் தீபாவளிக்கு என் மாலாவுக்கு நாலு வயது. ஈப்போவில் ஒரு கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே தொங்கிய கவுனை வாங்க எங்களுக்கு வக்கில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் கிடைத்ததோ ஒரு துவைப்பிலேயே பல்லிளித்துவிடும். ரிஜெக்ட் துணிகளை அவ்வப்போது எங்களுக்கே சல்லிசாகக் கொடுப்பார்கள். ஆனால் குறையுள்ள துணியை என் பிள்ளைக்குப் போட எனக்கு மனமில்லை. குறையில்லாத ரிஜெக்ட் வேண்டும். அதற்கு வழி என் கையிலேயே இருந்தது.

நீ தைத்து அனுப்பிய கட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். பொறாமையா என்றால் இல்லை. இருந்ததிலேயே உன் தையல்தான் நன்றாக இருந்தது. முடிச்சை எங்கே போடுவது என்று தேடித்தான் போட்டேன். கூடையின் அடியில் ஒளித்துவைத்து நானே வாங்கிக்கொண்டேன். பிறகு பிறந்தநாளுக்கு ஒன்று, போட்டோ எடுக்க ஒன்று, அடுத்த தீபாவளிக்கு ஒன்று. எல்லாம் உன்னுடையதுதான்.

"எனக்கு மட்டும் ஏங்க்கா இவ்ளோ ரிஜெக்ட்? பாத்துப் பாத்துதான் தைக்கிறேன் லா," என்று பஸ்ஸில் கேட்டாய்.

"கண்ணு சரியா தெரியலையோ என்னமோ. டாக்டர்கிட்ட காட்டு."

நீயும் போய்க் காட்டினாய்.

ஆர்டர் குறைந்தபோது அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஆளைக் குறைத்தார்கள். உன் எண் முதலில் இருந்தது. நீ தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கப் போனாய். முதுகில் மருந்து டின், கையில் உறை கிடையாது. உன் விரல் நகங்கள் ஒவ்வொன்றாய் விழுந்தன. அதன்பின் ஊசியைப் பிடிக்கவும் உன்னால் முடியவில்லை.

அந்த நிலையில்தான், மாலாவுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கவுனை உன் செல்விக்கென்று கொண்டுவந்தேன். பெரிய மனசு எனக்கு! வாங்கியதும் பழைய பழக்கத்தில் உட்புறத்தைப் புரட்டினாய். எண்ணைப் பார்த்தாய். நகமில்லாத விரல்களால் காலர், கைக்குழி, சுருக்கு, விளிம்பு என்று தடவிக்கொண்டே போனாய்.

"எங்கேக்கா தப்பு?"

"என்ன தப்பு?"

"இல்ல, ரிஜெக்ட்ல வந்ததுதானே. எங்கனு பாக்குறேன். ஒன்னும் காணோமே."

"சும்மா குடுத்தா ஆராய்ச்சி வேற. வேணாம்னா குடு லா."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். "இருக்கட்டும்க்கா," என்று மடித்து வைத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகும் இத்தனை வருடம் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாய். ஓர் அறை விட்டிருக்கலாம். லயத்து வீட்டு வாசலில் நின்று என் மானத்தை வாங்கியிருக்கலாம். மூச்சு முட்டிக் கிடந்த கடைசி நாளில்கூட, "சாப்டீங்களாக்கா," என்றுதான் கேட்டாய். அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பொட்டலத்தைக் கொடுக்கும்போது செல்வி சொன்னாள், "அம்மா இத உங்ககிட்டயே குடுத்துடச் சொன்னாங்க பெரியம்மா. என்னைய ஒருநாள்கூட போட விடல." ஏன் என்று நீ அவளிடம் சொல்லவில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். காலர், கைக்குழி, சுருக்கு, விளிம்பு. ஒரு நூல் பிசகவில்லை. அன்று நீ கேட்டதற்கு இன்று பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள். அதில் எங்கேயும் தப்பு இல்லை. என் மாலா போட்ட எதிலும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே உன் மகள் தயங்கினாள்.

"பெரியம்மா, இப்ப அங்க நீங்கதானே பெரிய செக்கர்? எனக்கு ஒரு வேலை சொல்லிப் பாருங்களேன். அம்மாவுக்குக் கை முடியலன்னாலும் வாயாலயே எல்லாத் தையலும் சொல்லிக் குடுத்துட்டாங்க."

சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? திங்கட்கிழமை அழைத்துப்போகிறேன். அவள் தைப்பதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அந்தச் சிவப்பு நூல் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.