பதினேழும் நாற்பத்தொன்றும்

உடுமலைப்பேட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள லோகப்பிரியாக் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். அஸ்ஸாம் மழையில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். வாட்சப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே உன்மேல் கத்திவிடுவேன், தப்பு என்னுடையதாக இருந்தாலும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பதினேழும் நாற்பத்தொன்றும் எப்படி இருக்கிறது என்று கேட்டாய், நல்லா இருக்குது என்றேன். பொய். அதற்கு ஐந்து நாள் முன்பே அந்த இரண்டு செடியையும் பிடுங்கிப்போட்டேன்.

நம் மல்பெரி நாற்றங்கால் பார்க்க அதிகாரி வருவதாக இருந்தது. பாத்தி முழுக்க ஒரே மாதிரி நிற்க வேண்டும், ஒன்று மாறித் தெரிந்தாலும் எழுதிவிடுவார்கள். வழக்கம்போல விடிந்ததும் ரகம் மாறி நிற்கும் கலவன் செடிகளைப் பிடுங்க இறங்கினேன். கடைசிப் பாத்தியில் கையை வைக்காதே என்று நீ ஊருக்குப் போகும்போது சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அந்த இரண்டும் மற்றதைவிடக் குட்டையாக, இலை தடித்துக் கருத்து நின்றன. கூட வேலை செய்த ஆறுச்சாமி, ஏனுங்க, இது பாப்பா நம்பர் போட்டு வெச்ச செடியாச்சுங்களே, கேட்டுப்போட்டுப் புடுங்கலாமுங்க என்றான். எனக்குப் பாடம் எடுக்காதே, இருபது வருசமாகக் கலவன் பிடுங்குகிறேன் என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். அதிகாரி அன்றைக்கு வரவே இல்லை.

நீ கேட்டபோது உன் குரலில் இருந்த ஆசை என்னை உறுத்தியது. போனை வைத்துவிட்டு உன் நோட்டை எடுத்துப் படித்தேன். பிடுங்கியது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. மல்பெரிக்கு இருபத்தெட்டு குரோமோசோம், மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது அது பாதியாகி ஆளுக்குப் பதினாலு கொண்டுவர வேண்டும். எப்போதாவது அந்தப் பிரிவு நடக்காமல் முழு இருபத்தெட்டும் அப்படியே போய்விடும். ஒரு பக்கம் அப்படி வந்தால் நாற்பத்திரண்டு, இரண்டு பக்கமும் வந்தால் ஐம்பத்தாறு, மொத்தமும் இரட்டிப்பு. பொங்கல் லீவில் பட்டுப்புழு நோய் பார்க்கும் நம் மைக்ராஸ்கோப்பில் ஆண் செடியின் மகரந்தத்தை வைத்து, அப்பா, இந்த மணி மட்டும் பெருசா இருக்குது பாருங்க என்று நீ கூப்பிட்டாய். கரண்ட் போவதற்குள் மோட்டார் போட வேண்டும் என்று நான் வந்து பார்க்கவே இல்லை. நோட்டில் பதினேழுக்கு நேராக நாற்பத்திரண்டு, கேள்விக்குறி. நாற்பத்தொன்றுக்கு நேராக ஐம்பத்தாறு, இரண்டு கேள்விக்குறி. கீழே, இலைத்துளை பெரிது, தீபாவளிக்கு வந்து வேர் நுனி எடுத்துக் குரோமோசோமை எண்ண வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்த மகரந்தத்தைத் தூவி நீ எடுத்த இருநூறு விதையில் இரண்டு. உன் கடைசி வருச பிராஜெக்ட்டே அதுதான் என்பதும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

அப்படியே குப்பைமேட்டுக்கு ஓடினேன். நாற்பத்தொன்றை மற்ற தழையோடு மெஷினில் அரைத்து உரக்குழியில் கொட்டிவிட்டார்கள், அது போய்விட்டது, அதில் உனக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். பதினேழு அடியில் கிடந்தது, வேர் காய்ந்து, தண்டு ஒரு பக்கம் மட்டும் பச்சையாக. நான்கு துண்டாக நறுக்கி மணல் பையில் நட்டு நிழல்வலைக்குள் வைத்தேன். இரண்டு அழுகிவிட்டது, ஒன்று காய்ந்துவிட்டது. நான்காவதில் அரிசி அளவு ஒரு மொட்டு இருக்கிறது. தண்டில் மிச்சமிருக்கும் ஈரத்தில்கூட அப்படி மொட்டு விடும், வேர் பிடித்தால்தான் உண்டு. பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கக் கை பரபரக்கிறது. அதனால் வலைக் கதவின் சாவியை ஆறுச்சாமியிடம் கொடுத்துவிட்டேன். நான் கேட்டாலும் தராதே என்றதற்கு, பாப்பா சொன்னாத் தாரனுங்க என்கிறான்.

அம்மாவுக்கு நேற்றுதான் சொன்னேன். செடி போனா வேற செடி வரும், புள்ளைகிட்டப் பொய் சொல்லிப்போட்டீங்களே என்றாள்.

உன் புரொபசரிடம் எல்லாவற்றையும் என் பேரிலேயே போட்டுச் சொல். வேண்டுமானால் நானே அவருக்கு எழுதித் தருகிறேன். அதே ஆண் செடி இன்னும் நிற்கிறது, அடுத்த பூவுக்குத் திரும்பச் செய்யலாம், ஆனால் உன் வருசம் அதற்காகக் காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும். இதை நினைத்துச் சாப்பிடாமல் கிடக்காதே அம்மணி. அம்மா அனுப்பிய ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள்.

நல்லா இரு சாமி, எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும். இது கிடைத்ததும் போன் செய். திட்டுவதைத் திட்டிவிட்டு, அந்தக் குச்சிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல். இந்தத் தடவை போனை நடுவில் வைக்க மாட்டேன், நோட்டும் பேனாவும் எடுத்துவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கிருபாசங்கர்