பத்துப் பாகம், இருபது கஜம்

அக்கா,

இன்று காலை துணி காயப்போடும் கொடிக்குக் கயிறு வாங்கக் கடைக்குப் போனேன். புதுப் பருத்திக் கயிற்றின் மணம் மூக்கில் ஏறியதும் வாய் தானாக, "மூணு பாகம் குடுங்க" என்றது. கடைக்காரர் விழித்தார். "அது என்ன கணக்குங்க?" என்றார். "ஆறு கஜமுங்க" என்று திருத்தினேன். வீடு வந்து சேரும்வரை உங்கள் நினைப்புதான்.

நான் சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். எனக்கு நீளம் என்றால் முழமும் கஜமும்தான். நீங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர். பனியன் கம்பெனியில் ஒரே மேஜையின் இரு பக்கமும் நமக்குச் செக்கிங் வேலை. முதல் நாளே இரண்டு கைகளையும் விரித்து நாடாவை அளந்தீர்கள். "ஏனுங்க்கா, பறக்கப் போறீங்களா?" என்றேன்.

"ஏட்டி, இது பாகம். எங்கூர்ல கடல் ஆழத்தையே இப்படித்தான் அளப்பாவ. உன் முழத்த வச்சு அளந்தா மீனெல்லாம் ஓடிப்போவும்."

நாலு முழம் ஒரு பாகம், இரண்டு கஜம் ஒரு பாகம் என்று அன்று சாப்பாட்டு நேரத்தில் உடன்பாடு செய்துகொண்டோம். உங்கள் கை குட்டை, அதனால் பாகத்துக்கு ஒரு சாண் கூட்ட வேண்டும் என்றேன். அதற்காக ஒரு வாரம் எனக்கு மீன் குழம்பு தராமல் இருந்தீர்களே!

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. படகுச் சாமான் விற்கும் வெளிநாட்டுக் கடை ஒன்று வெள்ளைப் பருத்திக் கயிறு கேட்டிருந்தது. கட்டுக்குப் பத்து ஃபேதம்; அளந்து வெட்டும் வேலை நம் மேஜைக்கு வந்தது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தாளைப் படித்துவிட்டு, "கஜத்தைத்தான் அப்படிச் சொல்றாங்க, வெட்டுங்க" என்று சொல்லிவிட்டார். மதியத்துக்குள் இருநூறு கட்டு வெட்டியாகிவிட்டது.

நீங்கள் கையை நிறுத்தினீர்கள். "ஏட்டி, ஃபேதம்னா சொன்னாரு? அது நம்ம பாகம்லா! கப்பல்ல வேலை பாக்குற எங்கண்ணன் சொல்லியிருக்கான்."

அதற்கு முந்தின வாரம்தான் லீவு விஷயமாகச் சூப்பர்வைசரிடம் வாதாடி, "இன்னொரு தடவை வாயத் தொறந்தீங்கன்னா வேலைக்கே வர வேண்டாம்" என்று அவர் வாயால் கேட்டு வந்திருந்தீர்கள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். "வேண்டாங்க்கா" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போனீர்கள்.

மெர்ச்சண்டைசர் நீங்கள் சொல்லி முடிக்கும்வரைகூடக் கேட்கவில்லை. "ஏம்மா, எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்களா?" சூப்பர்வைசர் எழுந்து வந்தார். மேஜைகளில் கத்தரிச் சத்தம் நின்றது. நீங்கள் அசையாமல் நின்றீர்கள். அப்போது மெர்ச்சண்டைசர் கையிலிருந்த தாளின் கடைசி வரி, உங்கள் பின்னாலேயே வந்திருந்த என் கண்ணில் பட்டது.

"சார், ஒரு கட்டு எத்தனை கிராம் வரணும்னு போட்டிருக்குதுங்க. தராசுல வச்சுப் பாக்கலாங்களா?"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கட்டைத் தராசில் வைத்தார்கள். தாளில் இருந்த எடையில் சரிபாதி. நீங்கள் அதன்மேல் இன்னொரு கட்டை எடுத்து வைத்தீர்கள். தாளில் இருந்த எடை அச்சாக வந்தது.

மெர்ச்சண்டைசர் உள்ளே போய் வெளிநாட்டுக்குப் போன் பேசிவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனாலும் நல்ல மனுசர். "அக்கா சொன்னதே சரிங்க. பத்துப் பாகமா வெட்டுங்க" என்றார். 'பாகம்' என்றே சொன்னார்! ஹாலே சிரித்தது. முதலாளி எல்லோருக்கும் போண்டா வாங்கி அனுப்பினார். வேலைக்கு வர வேண்டாம் என்று பிறகு ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லை. குட்டையாகிப்போன கட்டுகளை நமக்கே கொடுத்தார்கள். நாம் குடியிருந்த லைன் வீட்டு வரிசைப் பிள்ளைகள் எல்லாம் அந்த வருசம் வெளிநாட்டுக் கயிற்றில்தான் ஸ்கிப்பிங் ஆடினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு என்னை உங்கள் ஊருக்குக் கூட்டிப்போனீர்கள். நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அன்றுதான். லீவில் வந்திருந்த உங்கள் அண்ணன் படகில் ஏற்றிப்போய், கல் கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்து, "எட்டுப் பாகம்" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பதினாறு கஜமுங்க" என்றேன்.

"கடல்ல போயி கஜமா!" என்று அண்ணன் சிரித்தார்.

"ரெண்டு சேலை எடுத்தது போக நாலு கஜம் மிச்சமுங்க" என்றேன். படகு ஆடும்படி சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் என் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நீங்கள் ஊர் திரும்பினீர்கள். போன வருசம் உங்கள் மகள் போனில் அழுதாள். நான் வந்து சேர்வதற்குள் உங்கள் அடக்கம் முடிந்திருந்தது. மறுநாள் அவளுக்குத் தராசுக் கதையைச் சொன்னேன். நீங்கள் அவளிடம் சொல்லவே இல்லையாமே! அழுதுகொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போது கோபம் வந்தால் என் மகளை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுகிறேன். அவளும் "இந்தா வாரேம்மா" என்கிறாள். சென்ற வாரம் விருந்துக்கு வந்த பெரியம்மா இதைக் கேட்டு அதிசயப்பட்டார். "ஏன் கண்ணு, உங்கூட்டுல தூத்துக்குடிக்காரங்க ஆராச்சும் இருக்கறாங்களா?"

"ஆமாங்க பெரீம்மா, இருக்கறாங்க" என்றேன்.